கடைசிப் பதினோரு நிமிடம்

இடது முழங்காலுக்குள் யாரோ மணலைக் கொட்டி அரைப்பது போலிருந்தது. தரையில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் ஃபிரிட்ஜைப் பிடித்து, அது குலுங்கக் குலுங்க அவள் எழுந்து நின்றாள். இன்று வார லீவு. லீவு நாளிலாவது இந்தக் கால் கொஞ்சம் சும்மா இருந்தால் என்ன என்று நினைத்தாள். கால் கேட்கவில்லை.

அது தங்கை வீடு. ஓர் அறை, ஒரு அடுப்படி. அறையில் தங்கையும் தங்கை புருஷனும் இரண்டு பிள்ளைகளும். அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் அவள். ஆறு வருடமாக அதுதான் அவளுடைய இடம். ஃபிரிட்ஜின் மோட்டார் ராத்திரியெல்லாம் முதுகுக்குப் பின்னால் சூடாக மூச்சு விடும், நிற்கும், திரும்பவும் ஆரம்பிக்கும். "என்கூடப் படுக்கறதுக்கும் ஒரு ஆள் இருக்குடி. குறட்டைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள். கட்டினவனைப் பற்றிக் கேட்டாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "பெயிண்ட் அடிக்கப் போனாரு. பதினாறு வருசமா அடிச்சிட்டிருக்காரு. பெரிய சுவரு போல."

பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு கிளம்பியபோது தங்கை கேட்டாள்.

"எங்க?"

"சினிமாவுக்கு."

"தினம் அங்கதான கிடக்குற? லீவு நாள்லயும் அதே இடமா? துணி ஊறப்போட்டிருக்கேன்க்கா."

"வந்து துவைக்கிறேன்."

"யாரோட போற?"

"டிக்கெட்டோட."

அறைக்குள்ளிருந்து தங்கை புருஷன் குரல் கொடுத்தான். "அக்கா, இந்தத் தடவையாவது முழுக் கதையும் வந்து சொல்லணும். வழக்கம்போல வாலை மட்டும் ஆட்டக் கூடாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவளுக்குத் தெரிந்த கதைகளுக்கெல்லாம் வால் மட்டும்தான் உண்டு.

ஆறு அரங்குகள் உள்ள சினிமாக் கட்டடத்தில் அவள் கூட்டுகிற வேலை பார்த்தாள். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே பதினைந்து நிமிடம்தான். அதற்குள் இருநூற்று எண்பது சீட்டுகளுக்கு அடியிலும் குனிந்து பொறுக்கிக் கூட்டித் துடைத்துவிட வேண்டும். ஜனம் எழுந்த பிறகு துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அதனால் படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே உள்ளே வந்து, வெளிவாசல் கதவோரம் இருட்டில் துடைப்பமும் கறுப்புப் பையுமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ஒரு பாட்டு, ஒரு வெடிச் சத்தம், ஒரு அழுகை. அது கேட்டதும் எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போய்விட வேண்டும். ஒன்பது வருடத்தில் ஆயிரம் படமாவது பார்த்திருப்பாள். ஒன்றுக்கும் தலை கிடையாது. யார் யாரைச் சேர்ந்தார்கள், யார் யாரை விட்டுப் போனார்கள் என்பது தெரியும். ஏன் என்பது தெரியாது. வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு 'கிளைமாக்ஸ் அக்கா' என்று பெயர்.

அதே இடத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குப் பெயர் 'டார்ச்'. தாமதமாக வருகிறவர்களைக் கைவிளக்கு அடித்துச் சீட்டுக்குக் கூட்டிப் போவது அவருடைய வேலை. படம் ஆரம்பித்துப் பதினைந்து நிமிடம்வரை உள்ளே நிற்பார். அதற்குப் பிறகு எவனும் வர மாட்டான். வெளியே போய் அடுத்த அரங்கின் வாசலில் நிற்பார். அவர் பார்த்த படங்களுக்கு வால் கிடையாது. ஐம்பத்து மூன்று வயது, மனைவி இறந்து எட்டு வருடம், வேறு ஊரில் ஒரு மகள். படம் ஓடும்போது எவன் போனாவது மினுங்கினால் டார்ச்சை அவன் முகத்தில் அடித்துப் பிடிப்பார். தன் போனை வேலைக்கு வந்ததும் அணைத்து வைப்பார். திரும்பப் போடுவதற்கு மறந்துவிடுவார். "உங்களுக்குப் போன் பண்றதும் கிணத்துல கல்லு போடறதும் ஒண்ணு" என்று மகளே சொல்லியிருக்கிறாளாம்.

தினமும் நான்கேகாலுக்குப் பின்பக்கப் படிக்கட்டில் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். அவள் கீழ்ப்படியில் காலை நீட்டி உட்காருவாள். இரண்டு படி மேலே அவர். இவர் தலையைச் சொல்வார், அவள் வாலைச் சொல்வாள், நடுவுக்கு இரண்டு பேருமாக எதையாவது போட்டு அடைப்பார்கள். அது ஒரு விளையாட்டாக ஆரம்பித்து நாலு வருடம் ஓடிவிட்டது.

ஏழு வாரத்துக்கு முன்னால் அந்த இந்திப் படம் வந்தது. இரண்டு பேருக்கும் இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. பதின்மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கும் நாலு ஜோடிகளின் கதை என்பதுமட்டும் புரிந்தது. ஆனால் இவர் சொன்ன ஜோடியும் அவள் சொன்ன ஜோடியும் ஒத்துப்போகவே இல்லை.

"கண்ணாடி போட்ட பொண்ணு இருக்குல்ல, அதோட புருசன் குண்டா இருப்பான். லிஃப்டுல ரெண்டும் சண்டை" என்றார் அவர்.

"குண்டனா? அந்தப் பொண்ணு கடைசியில நாய் வெச்சிருக்கறவன் தோள்ல சாஞ்சிருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"நாய்க்காரன் ஆறாவது மாடிக்காரியோடதான டீ குடிச்சான்?"

"டீ குடிச்சா ஜோடியா?"

கேட்ட பிறகுதான் தன் கையில் இருப்பதும் டீ என்று அவளுக்கு உறைத்தது. அவர் டார்ச்சின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சரி, அந்தப் பெரியவர்?" என்று கேட்டார். "கீழ பெஞ்சுல உக்காந்திருப்பாரே. பக்கத்துல பச்சைச் சேலை கட்டின அம்மா. ஆரம்பத்துல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்காந்திருந்தாங்க."

"கடைசியில அவர் தனியாத்தான் இருக்காரு."

"அந்தம்மா?"

"இல்ல."

"செத்துட்டாங்களா?"

"யாருக்குத் தெரியும்? எல்லாரும் மொட்டை மாடியில நிக்கிறாங்க, கைதட்டுறாங்க. இவர் மட்டும் கீழ பெஞ்சுல. பக்கத்துல இடம் காலி."

மற்ற மூன்று ஜோடிகளையும் அவர்கள் எப்படியோ ஒப்பேற்றிவிட்டார்கள். அந்தப் பச்சைச் சேலை அம்மாவைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு நாள் அவளை நோயில் படுக்கவைத்தார்கள். ஒரு நாள் மருமகளோடு சண்டை போட்டுக் கிளம்பவைத்தார்கள். எதுவும் சரியாக ஒட்டவில்லை.

பாப்கார்ன் கவுண்டரில் நிற்பவளிடம் எதையும் மறைக்க முடியாது. ஒருநாள் உடை மாற்றும் அறையில் கேட்டாள்.

"எப்பலருந்து நிறுத்தின?"

"என்னத்த?"

"அண்ணேங்கறத. நாங்கள்லாம் டார்ச் அண்ணேங்குறோம். நீயும் அப்படித்தான் கூப்பிட்டுட்டிருந்த. இப்ப இந்தாங்க, ஏங்க, கேட்டீங்களாங்கற. அண்ணன் எங்க போனாரு?"

"போடி வேலையப் பாத்துட்டு."

"நான் வேலையத்தான் பாக்குறேன். கவுண்டர்ல நின்னா எல்லாம் தெரியுது."

உண்மையில் எந்த நாள் நிறுத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. ஒருநாள் அந்தச் சொல் வாயில் வரவில்லை. மறுநாள் வந்தும் அவள் சொல்லவில்லை. அதன் பிறகு அவரைக் கூப்பிட அவளிடம் சொல்லே இல்லாமல் போனது. அவரும் கவனித்திருப்பார். கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை அவர் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். ஆடை படிந்தது.

"மக வரச் சொல்றா" என்றார். "பேரப்புள்ளையப் பாத்துக்க ஆள் இல்லையாம். அங்கயே இருந்துடுங்கறா. செவ்வாய்க்கிழமை ஆறு மணி பஸ்சுக்கு டிக்கெட் போட்டுட்டா. என்கிட்ட கேக்கக்கூட இல்ல."

"நல்லதுதான."

"நல்லதுதான்."

இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

"என் ரூமு நாலாவது மாடி" என்றார் அவர். "ஜன்னல் ஒண்ணுதான். ஆனா காத்து வரும். மாடிப்படி உங்க முழங்காலுக்கு ஆகாது, அது ஒண்ணுதான் யோசனை. போன மாசம் ரெண்டாவதா ஒரு நாற்காலி வாங்கினேன். பழசுதான். நாலு காலும் சரியா இருக்கு."

அவள் குனிந்து டீயைப் பார்த்தாள். காது சூடேறியது.

"நான் சுத்தி வளைக்கல. நீங்க போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகல. ரூமு சாவிய இன்னும் திருப்பிக் குடுக்கல. இப்பவே சொல்லணும்னு இல்ல. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவு, எனக்கு அன்னிக்கோட கணக்கு முடியுது. ரெண்டு மணி ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கிறேன். அந்தப் படத்த ஒரு தடவை முழுசா உக்காந்து பாத்துடலாம். முடிஞ்சு திரையில பேர் ஓடறப்ப சொல்லுங்க."

"வேணாம்னா?"

கேட்டது அவள்தான். ஏன் கேட்டாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்தாள்.

அவர் சிரித்தார். "வேணாம்னு உங்க வாயால கேட்டுட்டு என்னால பஸ் ஏற முடியாது. அப்படின்னா பேர் ஓடறதுக்கு முன்னாடி எழுந்து போயிடுங்க. எனக்குப் புரிஞ்சிடும். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஐந்து ராத்திரி ஃபிரிட்ஜ் மோட்டாரோடு அவள் விழித்துக் கிடந்தாள். தங்கை என்ன சொல்வாள் என்பது தெரியும். தங்கை புருஷன் என்ன சொல்வான் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். நாற்பத்தாறு வயதில் என்ன கேடு என்பான், பிள்ளைகள் எதிரிலேயே சொல்வான். சொல்லட்டும். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவளுக்கென்று உட்கார ஒரு இடம் கிடையாது. நிற்பாள், குனிவாள், படுப்பாள். நாற்காலி என்ற சொல் மட்டும் மண்டைக்குள் நின்றது. நாலு காலும் சரியாக உள்ள நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். போகாதீங்க. ஒரே வார்த்தை. பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பழக்கமில்லாத வார்த்தை, நாக்கில் சரியாக உட்காரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் தோய்த்து மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். ஒரு பெட்டியும் ஒரு பையும் பாப்கார்ன் கவுண்டருக்குக் கீழே இருந்தன. டிக்கெட்டைக் கிழிக்கிறவன் வாய்விட்டே சொன்னான். "அண்ணே, நீங்களே காசு குடுத்து உள்ள போறீங்களா? டார்ச் அடிக்கவா?"

"அடிடா. நடுவுல ரெண்டு மணி நேரம் எங்க ரெண்டு பேருக்கும் வழி தெரியாது."

மூன்றாவது அரங்கு, நடு வரிசை. ஒன்பது வருடமாகத் துடைத்த சீட்டில் அவள் முதல்முறையாக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை தானாகக் கைப்பிடிக்கு அடியில் போய், யாரோ ஒட்டிய பபிள்கம்மைத் தடவிக் கண்டுபிடித்தது. நகத்தால் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டாள். அவர் அதைப் பார்த்து, "லீவும்மா" என்றார். பை அவள் மடியிலேயே இருந்தது. ஊழியர் அறையில் மூன்று தடவை திருடு போன பிறகு பையை அவள் உடம்பிலிருந்து பிரிப்பதில்லை.

அவர் சொன்ன தலை எல்லாம் அப்படியே வந்தது. லிஃப்ட் சண்டை, நாய், ஆறாவது மாடி டீ. ஒவ்வொன்றுக்கும் அவர் லேசாகத் தலையாட்டினார், நான் சொன்னேன் இல்லையா என்கிற மாதிரி. பதினைந்து நிமிடம் ஆனதும் அவர் கால்கள் அசைந்தன. எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு நினைவு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அடக்கமாட்டாமல் சிரித்தாள். முன் வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

நடுவும் வந்தது. மொழி புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்தன. குண்டன் கெட்டவன் இல்லை. காலையில் எழுந்து பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் ஷூ மாட்டிக்கொண்டு போகிறவன், அவ்வளவுதான். நாய்க்காரன் கண்ணாடி போட்ட பெண்ணிடம் ஒரு நாள் சும்மா, "சாப்பிட்டியா" என்பது போல ஏதோ கேட்டான். அந்தப் பெண் லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடிய பிறகு அழுதாள். நாலு வருடமாக இவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கட்டிய எந்தக் கதையும் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை.

பச்சைச் சேலை அம்மா மறுபடி வந்தாள். அவள் அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கவில்லை. வாரம் ஒரு நாள் எதற்கோ வந்து போகிறவள், பஸ்சுக்கு நேரம் இருந்தால் பெஞ்சில் உட்காருவாள். பெரியவரும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனாள். அதன்பிறகு படத்தில் அவள் வரவே இல்லை.

"ஜோடியே இல்ல" என்று அவர் இருட்டில் முணுமுணுத்தார். "நான்தான் ஜோடின்னு நெனச்சுட்டேன்."

"பக்கத்து பக்கத்துல உக்காந்தா அப்படித்தான் தெரியும்" என்றாள் அவள்.

இருவருக்கும் பொதுவான கைப்பிடியில் அவர் கை இருந்தது. அவள் தன் கையையும் அதில் வைத்தாள். சுண்டுவிரல் மட்டும் பட்டது. அவர் கை நகரவில்லை. இப்பவே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். பேர் ஓடும்போது என்றுதானே சொன்னார், கேட்ட நேரத்தில் கேட்டபடி சொல்லிவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள். வாய்க்குள் அந்த வார்த்தை தயாராக இருந்தது.

திரையில் அந்தப் பதின்மூன்று மாடிக் கட்டடம் முழுவதும் கரண்ட் போயிற்று. அரங்கு கண் தெரியாத இருட்டாயிற்று. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒற்றை வயலின்.

அதுதான் இந்தப் படத்துக்கு வைத்த அடையாளம். வயலின் ஆரம்பித்தால் பதினோரு நிமிடம் பாக்கி.

ஏழு வாரமாக ஒரு நாளைக்கு ஐந்து முறை அந்த வயலினுக்கு எழுந்த உடம்பு அது. பை தோளில் ஏறியது. முழங்கால் நிமிர்ந்தது. அவளுக்குப் பின்னால் ஸ்பிரிங் சீட்டு 'டப்'பென்று மடங்கியது. வரிசையில் கால்களைத் தாண்டி, ஓரத்து இருட்டில் பதினெட்டுப் படியை எண்ணாமல் இறங்கி, வெளிவாசல் கதவைத் தள்ளி, கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். நடைவழி விளக்கு கண்ணில் அடித்தபோதுதான் தெரிந்தது. கையில் துடைப்பம். உடம்பில் நீலக் கோட்டு இல்லை, லீவுக்குக் கட்டிய சேலை.

உள்ளே போகக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க அக்கா!" சூப்பர்வைசர் ஓடி வந்தார். "அஞ்சாம் அரங்குல ஒரு கொழந்த வாந்தி எடுத்து ரெண்டு வரிச நாறுது. இன்னிக்கி ஒருத்தி வரல. ஆட்டம் ஆரம்பிக்க எட்டு நிமிசம்தான். கொஞ்சம் கை குடுங்க."

"சார், எனக்கு இன்னிக்கி…"

"தெரியும், லீவு. ரெண்டே நிமிசம்."

இன்னொரு ஆளாக இருந்தால் முடியாது சார் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போயிருப்பாள். சூப்பர்வைசர் அப்படி ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை, விட்டிருப்பார். இன்னும் பத்து நிமிடம் படம் இருக்கிறது, ரெண்டு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். ஆனால் அது மட்டும் காரணமில்லை. கையில் துடைப்பம் இருந்தபோது என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. அந்த ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை.

வாந்தி ஒருநாளும் ரெண்டு நிமிடத்தில் முடியாது. மரத்தூளைப் போட்டு, அள்ளி, மருந்துத் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, கையைக் கழுவி, மூன்றாவது அரங்குக்கு ஓடினாள். ஓட்டம் என்றா அதைச் சொல்வது? ஒரு கால் ஓடியது, ஒரு கால் இழுபட்டது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரை வெள்ளையாக இருந்தது. அன்று வேலைக்கு வந்த இன்னொருத்தி முன் வரிசையில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். நடு வரிசையில் அவர் சீட்டும் மடங்கி இருந்தது, அவள் சீட்டும் மடங்கி இருந்தது. அவர் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பழக்கம். ஒன்றும் இல்லை. சுத்தமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது.

கவுண்டருக்குக் கீழே பெட்டி இல்லை.

"முகம் கழுவிட்டு வந்தாரு, பெட்டிய எடுத்தாரு" என்றாள் பாப்கார்ன்காரி. அவளுடைய வழக்கமான குரல் இல்லை. "சாவி ஒண்ணக் குடுத்து, வீட்டுக்காரர் வருவாரு, குடுத்துடுங்கன்னாரு. என்னடி ஆச்சு? சண்டையா?"

"ஒண்ணும் ஆகல."

"அவகிட்ட கேட்டீங்களான்னு கேட்டேன். தலையாட்டிட்டுப் போயிட்டாரு. ஓடிப் போடி, ஆறு மணிக்குத்தான பஸ்சு?"

மணி ஐந்தாகப் பத்து. வெளியூர் பஸ் நிலையம் ஊரின் மறுகோடியில். அவள் போய் நிறுத்தத்தில் நின்று, திரும்பத் திரும்பப் போன் போட்டாள். முதல் பஸ் ஆள் தொங்க வந்தது, ஏறவில்லை. இரண்டாவது பஸ்சில் படி காலியாகத்தான் இருந்தது. அங்கே போய், மகள் எடுத்த டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் மனிதரிடம், வயலின் கேட்டது, அதனால் எழுந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவாரா என்று நினைத்துக்கொண்டு நின்றபோது அதுவும் நகர்ந்துவிட்டது. மூன்றாவது பஸ்சில் ஏறினாள். அது தங்கை வீட்டுக்குப் போகிற பஸ்.

எட்டு மணிக்கு, ஊறிய துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அறையில் டிவி ஓடியது. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சாப்டீங்களா?" என்றார் அவர். பின்னால் பஸ்சின் இரைச்சல்.

"ம்."

"போன இப்பத்தான் போட்டேன். நீங்க கூப்ட்டிருக்கீங்க. ஏழு தடவை."

"ஆமா."

"சீட்டு மடங்கற சத்தம் கேட்டுச்சு. இருட்டு, ஆள் தெரியல. ஆனா அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்ல. எத்தன வருசமாக் கேக்குறேன்." பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. "தப்பு ஒண்ணும் இல்ல. நான்தான அப்படிச் செய்யச் சொன்னேன்."

"அது… பழக்கத்துல…"

அறையில் டிவியின் சத்தம் குறைந்தது. தங்கை புருஷன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியைப் பார்த்தான். தங்கையும் பார்த்தாள். பிள்ளைகள்கூடத் திரும்பின. ஆறடி தூரம்.

"யாருக்கா?" என்றான்.

"வேலை செய்யற எடத்துல" என்றாள் அவள்.

போனில் அவர் அதைக் கேட்டிருப்பார்.

"கடைசிவரைக்கும் உக்காந்து பாத்துட்டேன்" என்றார். "நீங்க சொன்ன மாதிரியேதான். அந்தப் பெரியவர் பெஞ்சுல தனியா. ஆனா நீங்க ஒண்ணு சொல்லல. கடைசியில அவர் கொஞ்சம் நகந்து உக்காருறாரு. பக்கத்துல எடம் விட்டு."

அவள் அதைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் எப்போதும் கறுப்புப் பையின் வாயைப் பிரித்துக்கொண்டிருப்பாள்.

"பஸ்சு நிறுத்துறான். வெக்கிறேன். முழங்காலுக்குச் சூடா ஒத்தடம் குடுங்க."

"இல்ல, நான்…"

வைத்துவிட்டார். உடனே திருப்பிப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எதிர்ச் சீட்டில் யாராவது தூங்கியிருப்பார்கள், விழித்துவிடக் கூடாதென்று அணைத்திருப்பார், அவர் அப்படித்தான்.

அந்தப் படத்தை மறு வாரமே தூக்கிவிட்டார்கள். டார்ச் வேலைக்குப் புது ஆள் வந்திருக்கிறான், போனைப் பார்த்துக்கொண்டே விளக்கடிக்கிறான். நான்கேகாலுக்கு அவள் பின்பக்கப் படியில் டீயோடு உட்காருகிறாள், இரண்டு படி மேலே யாரும் இல்லை. தங்கை புருஷன் கதையைக் கேட்டான். தலையிலிருந்து வால்வரை முதல்முறையாக முழுசாகச் சொன்னாள். "இவ்ளோதானா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடிக்குப் போய்ப் போன் போடுகிறாள். இரண்டு முறை அணைந்திருந்தது. ஒரு முறை மகள் எடுத்து, அப்பா குழந்தையைப் பள்ளிக்கூட விழாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார், என்ன சொல்லணும் என்று கேட்டாள். அந்தப் பெண்ணிடம் சொல்கிற வார்த்தை இல்லை அது. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில், போகாதீங்க. அந்த ஒரு வார்த்தையை அவள் அவருக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.